பெரியம்மா கொடுத்த கறிவேப்பிலைப் பை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, கிளம்புகிற நேரம் பார்த்து பெரியம்மா ஒரு மஞ்சப்பையைக் கையில் திணித்தார். முறுக்கோ சீடையோ என்று நினைத்துப் பிரித்தால் உள்ளே இரண்டு கட்டு கறிவேப்பிலை. "ஏங்கண்ணு, இதுல மருந்து கெடக்குதான்னு உன்ற லேப்புல ஒருக்கா பார்த்துச் சொல்லேன். கெடக்குதா இல்லையா, அது மட்டும் சொன்னாப் போதும்."

நான் பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். காய், பழம், மசாலா, டீத்தூள் என்று வருவதையெல்லாம் அரைத்து அதில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் ஒரு தனியார் ஆய்வகம். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பேரே "விஷம் பார்க்கிற பொண்ணு" தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முட்டைக்கோஸ் பொரியலைக் காட்டி "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்காமல் எழுந்ததே இல்லை. அதற்கெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடுவேன். பெரியம்மா கேட்ட "கெடக்குதா இல்லையா" இருக்கிறதே, அதற்குத்தான் இத்தனை வருஷத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியம்மா வீடு காரமடைப் பக்கம். கறிவேப்பிலைக்குப் பேர்போன மண், செங்காம்பு ரகம் அங்கே அப்படி மணக்கும். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கறிவேப்பிலையைச் சந்தேகப்படுகிறீர்களே என்றால், "பக்கத்துல இருக்கறதாலதான் கண்ணு கேக்கறேன், அடிக்கறதப் பாத்துட்டுத்தான இருக்கறேன்" என்கிறார். அதுவும் சரிதான். கறிவேப்பிலை ஒரு விசித்திரமான பயிர். நாம் தின்பது இலையை, பூச்சி தின்பதும் இலையை, மருந்து போய் உட்காருவதும் இலையில். நெல்லென்றால் உமி இருக்கிறது, வாழைப்பழம் என்றால் தோல் இருக்கிறது, இதில் உரித்துப் போட ஒன்றுமே இல்லை. மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, ஆனால் சந்தையில் விலை ஏறுகிற அன்றைக்கு யார் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? இன்னொன்று, இந்தியாவில் எந்த மருந்தை எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்று பயிர் வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். பருத்திக்கும் நெல்லுக்கும் பட்டியல் நீளமாக இருக்கும், கறிவேப்பிலை மாதிரிச் சின்னப் பயிருக்கு எந்த மருந்துக் கம்பெனி செலவு செய்து சோதனை நடத்திப் பதிவு வாங்கும்? அப்புறம் விவசாயி என்ன செய்வார், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் அடிப்பார். பருத்திக்குப் பதிவான ப்ரொபனோபாஸ் கறிவேப்பிலை ரிப்போர்ட்டில் வந்து நிற்பது இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையில் பாதி சரக்கை எல்லையிலேயே நிறுத்திச் சோதித்த காலமெல்லாம் உண்டு.

சரி, பைக்கு வருவோம். ஒரு சந்தையைப் பற்றியோ ஒரு தோட்டத்தைப் பற்றியோ ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பல இடத்தில் எடுத்துக் கலந்த சாம்பிள் ஒரு கிலோவாவது கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. இரண்டு கட்டு என்பது இரண்டு கட்டு, அவ்வளவுதான். அதைப் பற்றி நான் சொல்லும் எதுவும் அதற்குப் பக்கத்தில் கிடந்த மூன்றாவது கட்டுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே இலையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. "கழுவித்தான் வெச்சிருக்கறேன். உங்க மிஷினு அழுக்காகிப் போகக் கூடாதுல்ல?" என்றார் பெரியம்மா. எவ்வளவு அன்பு! ஆனால் கழுவினால் கதை முடிந்தது. சாம்பிளை எப்படி வந்ததோ அப்படியே எடுப்பதுதான் முறை, அதில் ஒட்டியிருப்பதும் கணக்கில் வர வேண்டும். இந்த விதிகள் வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வாழைப்பழத்தைத் தோலோடு அரைப்போம். தர்பூசணியையும் தோலோடு. மாம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு அரைப்போம், ஆனால் கணக்குப் போடும்போது கொட்டையின் எடையையும் சேர்த்துக்கொள்வோம். முட்டைக்கோஸில் அழுகிய இலையை மட்டும் பிய்க்கலாம். ஏனென்றால் சட்டத்தில் உள்ள வரம்பு சந்தையில் விற்கிற பொருளுக்குத்தான், நீங்கள் உரித்து வேகவைத்து வாயில் போடுகிற பொருளுக்கு இல்லை. பத்திரிகையில் வரும் எண்ணுக்கும் தட்டில் விழும் எண்ணுக்கும் முதல் வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம் அரைப்பது. உங்கள் வீட்டு மிக்சி மாதிரியேதான், கொஞ்சம் பெரிசு, கூடவே உலர்பனிக்கட்டி போட்டு அரைப்போம். வெறுமனே அரைத்தால் சூடாகும், சாறு வெளியே வந்து சில மருந்துகளை அந்த நிமிஷமே சிதைத்துவிடும். கேப்டான், குளோரோதலோனில் இரண்டும் இந்த விஷயத்தில் பேர்போன தொல்லைகள். உறைய வைத்து அரைத்தால் கறிவேப்பிலை விறைத்து நொறுங்கிப் பச்சைப் பொடியாகிவிடும், ஒரு கிலோவில் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் ஒன்று போலிருக்கும். அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அந்த ஒரு கிலோவிலிருந்து நான் சோதனைக்கு எடுப்பது 10 கிராம்தான்.

அந்த 10 கிராமில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை 10 மில்லி ஊற்றி, 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் சமையல் உப்பு போட்டுக் குலுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதே செய்முறைதான், அல்லது இதைக் கொஞ்சம் மாற்றியது. க்வெச்சர்ஸ் என்று பெயர். அனஸ்டாசியாடிஸ், லெஹோடே என்ற இரண்டு விஞ்ஞானிகளும் அவர்கள் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்டது. அதற்கு முன்னால் ஒரு சாம்பிளுக்கே நூற்றுக்கணக்கான மில்லி கரைப்பானைக் கொட்டி, பிரித்து, வற்றவைத்து, ஒரு நாளுக்கு நாலைந்து சாம்பிள் முடித்தால் பெரிய விஷயம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது மெக்னீசியம் சல்பேட் தண்ணீரை உறிஞ்சும்போது குழாய் கையில் சுடும், அந்தச் சூட்டை உள்ளங்கையில் உணர்ந்தவுடன் "ஆச்சு, வேலை செய்கிறது" என்று தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நொடி அதுதான். உப்பு போட்டதும் தண்ணீர் கீழே, அசிட்டோநைட்ரைல் மேலே என்று பிரிந்து நிற்கும், மருந்தெல்லாம் மேலே வந்திருக்கும். எல்லாம் என்று சொன்னேனா? அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

கறிவேப்பிலையில் மருந்து மட்டும் வராது, பச்சையமும் வாசனை எண்ணெயும் சேர்ந்துதான் வரும். வடிகட்டாத பச்சைப் பானம் போல இருக்கும். அதை அப்படியே கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள மிஷினுக்குள் விட்டால் மேனேஜர் என்னை வெளியே விட்டுவிடுவார். பச்சையத்தை எடுக்கக் கரித்தூள் போடலாம், ஆனால் தட்டையான வடிவமுள்ள மூலக்கூறு எதைப் பார்த்தாலும் கரி பிடித்துக்கொள்ளும், தையாபெண்டசோல் மாதிரி மருந்துகளும் பச்சையத்தோடு சேர்ந்து போய்விடும். கூடப் போட்டால் மருந்து போச்சு, குறையப் போட்டால் மிஷின் போச்சு. உப்பு போடுகிற கைப்பக்குவம்தான்.

மிஷின் என்ன செய்கிறது என்பதை முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நீளமான மெல்லிய குழாய் வழியே கலவையை ஓடவிட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். வெளியே வருவதை எடை போடும். குறிப்பிட்ட எடை உள்ளதை மட்டும் உள்ளே விட்டு, அதை மோதி உடைத்து, உடைந்த துண்டுகளை மறுபடி எடை போடும். ப்ரொபனோபாஸ் என்றால் 373 என்ற எடையில் ஒன்று, உடைத்தால் 303-இல் ஒரு துண்டு. அதில் புரோமின் இருப்பதால் 375-இலும் ஒரு இரட்டைப் பிள்ளை வரும். சரியான நிமிஷத்தில் வந்து, குறைந்தது இரண்டு துண்டுகள் தெரிந்து, இரண்டுக்கும் உள்ள விகிதமும் ஸ்டாண்டர்டில், அதாவது ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் சுத்தமான மருந்தில், உள்ளது போலவே இருந்தால்தான் "இது அதுதான்" என்று எழுதுவோம். ஆள் மாறாட்டம் அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் ஆள் சரியாக இருந்தும் ஊர் தப்பாகலாம். இது எங்கள் லேப்பில் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் திடீரென்று எல்லா சாம்பிளிலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் வர ஆரம்பித்தது. மாதுளையில், மிளகாயில், வெல்லத்தில்கூட. வெல்லத்துக்கு எவன் கொசுமருந்து அடிப்பான்? ஆமாம், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்பது கொசுவிரட்டி லிக்விடில் இருப்பது. மூன்று நாள் தூங்கவில்லை, குழாயை மாற்றினோம், கரைப்பானை மாற்றினோம், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், சாம்பிள் வைக்கும் அறைக்கு வெளியே ராத்திரி காவலுக்கு உட்காரும் அண்ணன் கொசு தாங்காமல் லிக்விட் மிஷினைச் சொருகி வைத்திருக்கிறார், கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. பாவம், அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அந்த அறைக்கு அப்படியொரு கதவு போட்டது யார்? நல்லவேளை, எந்தச் சாம்பிளும் சேர்க்காமல் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்க்கிற பிளாங்க் என்று ஒன்று உண்டு, அதிலும் அந்த மருந்துக்கான பீக், அதாவது கிராஃபில் எழும் முகடு, வந்ததால் ரிப்போர்ட் எதுவும் வெளியே போகவில்லை. அந்தப் பிளாங்க் மட்டும் இல்லையென்றால் "வெல்லத்தில் கொசுமருந்து" என்று ஒரு வாரம் டிவியில் ஓடியிருக்கும், நாங்களும் அதை நம்பியிருப்போம்.

இப்போது முன்னால் ஞாபகத்தில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் பல நூறு மருந்துகள் உண்டு. ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியிலும் "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று வரும்போது வாடிக்கையாளர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று சாம்பிளில் கிலோக்கணக்கில் இருந்தாலும் மிஷின் மூச்சுவிடாது. எதன் எடையைத் தேடு என்று சொன்னோமோ அதை மட்டும்தான் அது தேடும். தேடாததைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு சொல்கூட இருக்காது, அந்த மௌனத்தைத்தான் நாம் "சுத்தம்" என்று படித்துக்கொள்கிறோம்.

இதற்கு எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் கதை 2010-இன் திராட்சை. மகாராஷ்டிரத்துத் திராட்சை, ஏற்றுமதிக்கென்று தோட்டம் தோட்டமாகப் பதிவு செய்து, லேப்பில் சோதித்து, ரிப்போர்ட் பாஸாகி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே போய்ப் பார்த்தால் குளோர்மெக்வாட் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். பூச்சிமருந்தே இல்லை அது, கொடி இலையும் தண்டுமாக ஓடாமல் காய்ப்புக்குத் திரும்ப அடிக்கிற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து. விவசாயிகள் வருஷக்கணக்காக ஒளிவுமறைவு இல்லாமல் அடித்து வந்ததுதான். இங்கே சோதித்த பட்டியலில் அது இல்லை. அதோடு, குளோர்மெக்வாட் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் ஜாதி, நான் சொன்ன அந்தக் குலுக்கலில் மேலே வராமல் பெரும்பாலும் கீழே தண்ணீரோடேயே தங்கிவிடும். அதற்கென்று தனியாக வேறொரு முறை வேண்டும். களைக்கொல்லி கிளைபோசேட்டும் இதே ரகம்தான், "முழு டெஸ்ட் பண்ணியாச்சு" என்று ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினால் அதில் கிளைபோசேட் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது, அது தனிக் காசு. அந்த வருஷம் கன்டெய்னர் கன்டெய்னராக மாட்டிக்கொண்டு நஷ்டப்பட்ட விவசாயியிடம் போய் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை என்று எப்படி விளக்குவது? பொய் சொல்லவில்லைதான். கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

எத்திலீன் ஆக்சைடு கதையும் இதற்குத் தம்பிதான். 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் அது இருப்பதை பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள், அந்த வருஷமே ஐரோப்பிய ஒன்றியம் இந்திய எள் சரக்கில் 50 சதவீதத்தை நிறுத்திச் சோதிக்க உத்தரவு போட்டது. எள் தூவிய ரொட்டி, பிஸ்கட் என்று கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இரண்டு பெரிய இந்திய மசாலா பிராண்டுகளின் பாக்கெட்டுகளைக் கையில் எடுத்தபோதுதான் நம்மூர்க்காரர்கள் காதில் அந்தப் பெயர் விழுந்தது. அது வயலில் அடிப்பது இல்லை, பாக்கெட்டுக்குப் போகும் முன் கிருமியைக் கொல்ல அடைத்த அறையில் விடுகிற வாயு. சால்மோனெல்லாவுக்குப் பயந்து செய்வது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. வாயு பறந்துவிடும், ஆனால் பொருளில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்று உருமாறி உட்கார்ந்துகொள்ளும், அதனால் ஐரோப்பாவில் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. வழக்கமான பட்டியல் டெஸ்டில் இது வராது, இதற்கும் தனி. அந்த ஏப்ரல், மே மாசங்களில் எங்கள் லேப்புக்கு வந்த போன் எல்லாம் ஒரே கேள்விதான், "மேடம், எத்திலீன் ஆக்சைடு பார்ப்பீங்களா?" அதற்கு முந்தின மார்ச்சில் அதே மசாலாவுக்கு அதே ஆட்கள் கேட்டதே இல்லை.

இருப்பதைக் காட்டாமல் விடுவது ஒரு பக்கம். இல்லாததைக் காட்டுவதும் உண்டு. மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை நேரடியாகப் பிரித்தெடுக்க முடியாது, எதிலும் கரையாத முரடு. அதனால் அதை அமிலத்தில் வேகவைத்து உடைத்து, வெளியே வரும் கார்பன் டைசல்பைடு வாயுவை அளப்போம். பிரச்சினை என்னவென்றால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பூண்டு, வெங்காயம் இதெல்லாம் இயற்கையிலேயே கந்தகச் சரக்கு, மருந்தே படாத முட்டைக்கோஸை வேகவைத்தாலும் கொஞ்சம் அதே வாயு வரும். சின்ன எண் ஒன்று வந்தால் அது மாங்கோசெப்பா, முட்டைக்கோஸின் சொந்தக் குணமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பந்தியில் என்னைக் கேட்டவருக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாயசம் வந்துவிடும்.

எண் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வரம்பு எதுவும் தனியாக நிர்ணயிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பொது விதி. 100 டன்னில் 1 கிராம். பத்து டன் லாரிகள் பத்து வரிசையாக நிற்கிறது, அத்தனையிலும் சேர்த்து இரண்டு விரலில் கிள்ளுகிற உப்பளவு. (மசாலாவுக்கும் மூலிகைகளுக்கும் இந்தியாவில் பதிவாகாத மருந்துகள் விஷயத்தில் 2024-இல் இதை 0.1 ஆக்கினார்கள், பத்து மடங்கு ஏற்றிவிட்டார்கள் என்று பெரிய சண்டை நடந்தது.) ஆனால் இந்த 0.01 எங்கிருந்து வந்தது? இதற்கு மேல் போனால் ஆள் காலி என்று யாரும் கண்டுபிடித்து வைத்த கோடு இல்லை. மிஷின் நம்பிக்கையாக அளக்கக்கூடிய அடிமட்டம், அவ்வளவுதான். தனி வரம்பு உள்ள மருந்துக்கும், சொன்ன அளவு அடித்துச் சொன்ன நாள் காத்திருந்தால் பயிரில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்துப் பார்த்துத்தான் வரம்பு வைக்கிறார்கள். வரம்பு மீறினால் முதலில் தெரிவது யாரோ விதியை மீறி அடித்திருக்கிறார் என்பது. உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன், பெரியம்மாவுக்கும் பில் நோட்டின் பின்பக்கம் இப்படித்தான் போட்டேன். கறிவேப்பிலையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ப்ரொபனோபாஸ் என்று வைப்போம். 0.01 வரம்பைப் போல நூறு மடங்கு, தலைப்புச் செய்தி கட்டாயம். ஒரு நாளைக்கு ஒருத்தர் 5 கிராம் கறிவேப்பிலையை மென்றே தின்கிறார் என்றால் உள்ளே போவது 5 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுக்க தினமும் போனாலும் பாதகமில்லை என்று சர்வதேச நிபுணர் குழு சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 1,800 மைக்ரோகிராம். 360-இல் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. அப்படியானால் கவலையே வேண்டாமா என்று கேட்டால் அதுவும் எனக்கு ஒப்பாது. இது ஒரு மருந்துக்கு, ஒரு இலைக்குப் போட்ட கணக்கு. தட்டில் இருப்பது ஒரே இலை இல்லை, இலையில் இருப்பதும் ஒரே மருந்து இல்லை. அதைவிட, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு காலை முழுக்க அந்த மருந்தை அடிக்கிறாரே ஒருத்தர், அவர் உடம்பில் போவது எவ்வளவு என்று எனக்கு யாரும் சாம்பிள் அனுப்பியதில்லை.

இன்னொரு விஷயம், வெளியே யாரும் பேசாதது. எங்கள் எண்ணிலேயே முன்னே பின்னே 50 சதவீதம் நிச்சயமின்மை என்று ஐரோப்பிய வழிகாட்டு விதி ஒப்புக்கொள்கிறது. 0.014 என்று நான் எழுதினால் உண்மை 0.007 முதல் 0.021 வரை எங்கேயும் இருக்கலாம். அதனால் அங்கே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் இந்த 50 சதவீதத்தைக் கழித்த பிறகும் வரம்பைத் தாண்ட வேண்டும், 0.01 வரம்புக்கு 0.02-ஐத் தாண்டினால்தான் கேஸ். ஆனால் சரக்கு வாங்குகிற கம்பெனி 0.011-ஐப் பார்த்ததும் ஆர்டரை ரத்து செய்துவிடும். ஒரே சாம்பிளை இரண்டு லேப்பில் கொடுத்து ஒன்றில் பாஸ், ஒன்றில் ஃபெயில் வந்தால் உடனே "காசு வாங்கிட்டான்" என்பார்கள். காசு வாங்குகிறவர்களும் இருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இந்த வித்தியாசத்துக்குக் காசே தேவையில்லை. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம் என்று கேரள அதிகாரிகள் சொல்ல, தமிழ்நாடு தரப்பு மறுக்க, கோயமுத்தூர்ப் பக்கம் டீக்கடையெல்லாம் அதே பேச்சாக இருந்தது. யார் சாம்பிள், எந்தக் கடையில் எடுத்தது, எத்தனை எடுத்தது, எந்தப் பட்டியல் என்று கேட்ட ஒரு டீக்கடையையும் நான் பார்க்கவில்லை.

கழுவினால் போகுமா? இது அடுத்த நிரந்தரக் கேள்வி. மேலே ஒட்டியிருப்பது கொஞ்சம் போகும், உள்ளே ஊடுருவியது போகாது. அமெரிக்காவில் 2017-இல் ஆப்பிளைச் சமையல் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார்கள், தோல்மேல் இருந்த தையாபெண்டசோலும் பாஸ்மெட்டும் 12, 15 நிமிஷத்தில் போய்விட்டன, தோலுக்குள் இறங்கியது அப்படியே இருந்தது. கேரளத்தில் கறிவேப்பிலையைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவச் சொல்கிறார்கள். நான் வீட்டில் ஓடுகிற தண்ணீரில் அலசுவதோடு சரி, அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

பெரியம்மாவின் பை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதையும் சேர்த்து ஓட்டினேன். ப்ரொபனோபாஸ் இருந்தது. எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. கழுவிய சாம்பிள், வெறும் இரண்டு கட்டு, அதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து "காரமடைக் கறிவேப்பிலையில் இத்தனை மடங்கு விஷம்" என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டால் அந்த ஊர் விவசாயிகளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னேன், பில் நோட்டுக் கணக்கையும் சேர்த்து. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரசத்துக்குப் போடலாங்கற" என்றார். "போடுங்க பெரியம்மா." "எதுக்கும் நம்ம பொடக்காளியில இருக்கற மரத்துலயே பறிச்சுக்கறேன், அதுக்கு ஒரு மருந்தும் அடிக்கறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷத்தில்தான். ஏனென்றால் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடான பொருள் மருந்தே படாத கறிவேப்பிலை. ஸ்டாண்டர்டை வெறும் கரைப்பானில் போட்டால் ஒரு பீக் வரும், அதே அளவைக் கறிவேப்பிலைச் சாற்றில் போட்டால் அந்தச் சாறு அமுக்கி வேறு உயரத்தில் வரும். அதனால் அளவுகோலையே சுத்தமான கறிவேப்பிலைச் சாற்றில்தான் தயார் செய்ய வேண்டும். இதற்காக நான் தோழிகள் வீட்டு மரம், கோயில் நந்தவனம், ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரோரம் என்று அலைந்திருக்கிறேன். மறுவாரமே தம்பியிடம் சொல்லிப் பெரியம்மா வீட்டு மரத்திலிருந்து ஒரு கிலோ வரவழைத்தேன், கழுவாமல். ஓட்டினேன். ப்ரொபனோபாஸ் இல்லை. ஆனால் குளோர்பைரிபாஸ் என்ற இன்னொரு மருந்தின் இடத்தில் சின்னதாக, தெளிவாக ஒரு பீக், துண்டுகளின் விகிதமும் சரி. பெரியம்மாவைக் கேட்டால் சத்தியம் செய்கிறார். அப்புறம் தம்பிதான் ஞாபகப்படுத்தினான், பக்கத்து மனையில் புது வீடு கட்டுகிறார்கள், அஸ்திவாரத்தில் கரையான் மருந்து அடித்தார்கள், மரம் நிற்பது அந்தச் சுவரோரம்.

ஆகவே தேடல் தொடர்கிறது. உங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரம் இருந்து, மருந்து எதுவும் அடிக்காமல், பக்கத்தில் புது வீடு எதுவும் எழும்பாமல், மாநகராட்சி கொசுப்புகை வண்டி இரண்டு மாசமாக அந்தத் தெருப்பக்கம் வராமல் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஒரு கிலோ போதும், வந்து நானே பறித்துக்கொள்கிறேன். தயவுசெய்து கழுவி வைக்காதீர்கள்.